பட்டறை இருந்த நிலத்தில் பூங்கா: மேலே மண் கொட்டினால் போதுமா?

செந்தூல்வாசி:
எங்கள் தாமானுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் நிலத்தைப் பூங்காவாக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. முன்பு அங்கே பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை, ஒட்டினாற்போல முலாம் பூசும் பட்டறை. டிபிகேஎல்-க்கு (கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு) மனு எழுதும் வேலையைக் குடியிருப்பாளர் சங்கம் என் தலையில் கட்டிவிட்டது. இரண்டடி செம்மண் கொட்டிப் புல் பதித்தால் சரி என்கிறார் தலைவர். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம், அதனால் கேட்கிறேன்.

பட்டர்வொர்த் மணி:
தித்திவங்சா ஏரிப் பூங்காவும் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைதானே, ஊரே போய் வரவில்லையா? சூரியகாந்தி நடுங்கள், விஷத்தை உறிஞ்சிவிடுமாம்.

மண்ணாய்வு:
மணி அண்ணே, வெள்ளீயக் குட்டை வேறு, பேட்டரிப் பட்டறை வேறு. பேட்டரியிலிருந்து வரும் காரீயம் மக்காது, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், பிள்ளைகள் மண் கையை வாயில் வைத்தால் உடம்புக்குள் போய்விடும். முலாம் பட்டறைக் குரோமியம் அப்படியில்லை, அதில் மோசமான வகை தண்ணீரில் கரைந்து, நம் ஊர் மழைக்கு நிலத்தடி நீர் வரை இறங்கும். ஆக, செம்மண் போர்வை முதல் பிரச்சினையை மறைக்கும், இரண்டாவதைத் தொடக்கூட செய்யாது. சூரியகாந்தி காரீயத்தை எடுப்பது சொற்பம், அறுத்த செடியையும் நச்சுக் கழிவாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். மாசுபட்ட நிலங்களுக்கென்று சுற்றுச்சூழல் துறை 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஊர்சுற்றி:
சியாட்டில் கேஸ் ஒர்க்ஸ் பார்க் பாருங்கள். 1906 முதல் 1956 வரை எரிவாயு ஆலை, 1975-இல் பூங்கா. மண் முழுவதையும் அள்ளிக் கொண்டுபோகவில்லை. ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர் கழிவுச் சேறும் மரத்தூளும் கலந்து, கிருமிகளே எண்ணெய்க் கசடைத் தின்னட்டும் என்று விட்டார். ஆனாலும் 1984-இல் கொஞ்ச காலம் மூடிச் சோதிக்க வேண்டி வந்தது, ஏரிக்கரையில் இறங்க இன்றும் தடை.

மண்ணாய்வு:
அந்த வித்தை எண்ணெய்க் கசடுக்குப் பலிக்கும், காரீயத்தைக் கிருமி தின்னாது. உங்களுக்கு மேல்மண்ணை அள்ளுவதோ, களிமண்ணும் நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடி வடிகாலோடு கட்டுவதோதான் வழி.

செந்தூல்வாசி:
செலவு யார் தலையில்? தலைவர் கீரைத் தோட்டம் வேறு கேட்கிறார்.

மண்ணாய்வு:
கீரை வேண்டவே வேண்டாம், ஆசைப்பட்டால் வெளி மண் நிரப்பிய, அடிப்பக்கம் அடைத்த தொட்டியில் போடட்டும். நிலம் கைமாறும் முன்பே சோதனை முடிய வேண்டும் என்று எழுதுங்கள், மாறிய பிறகு பழைய முதலாளியை எங்கே போய்த் தேடுவீர்கள்?