ஒற்றைக் கப்பியில் 160 கிலோ மோட்டாரை ஏற்றலாமா?

புதுக்கை:
160 கிலோ மோட்டாரை 3 மீட்டர் உயர மேடைக்கு ஏற்றணும். மர உத்திரத்தில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டு மூன்று பேர் இழுக்கலாம் என்று யோசனை. உத்திரம் 200 கிலோ தாங்குமாம், புது நைலான் கயிற்றின் சீட்டில் 1,500 கிலோ என்று போட்டிருக்கிறது. போதும்தானே?

கொக்கி:
போதாது. ஒற்றைக் கப்பியில் மோட்டார் பக்கம் 160, நீங்கள் இழுக்கும் பக்கமும் 160, இரண்டும் சேர்ந்து 320 கிலோ அந்த உத்திரத்தில்தான் தொங்கும், உராய்வுக்காகக் கூடுதலாக இழுப்பது தனி. கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, மோட்டாரில் ஒரு கப்பியைப் பூட்டி, கயிற்றை அதன் அடியில் விட்டு மேல் கப்பி வழியாகக் கீழே இறக்கினால் இழுவை பாதியாகும், 80 சொச்சம். ஆனால் 3 மீட்டர் ஏற்ற 6 மீட்டர் கயிறு இழுக்கணும், உத்திரத்துக்கு அப்போதும் 240 வரும். ஆக அந்த உத்திரம் எப்படியும் ஆகாது.

பழைய வடம்:
சீட்டில் இருக்கும் 1,500 அறுந்துபோகும் பளுவாக இருந்தால், ஆளுள்ள இடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் ஏற்ற மாட்டேன், அதாவது 150. முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் வலு ஏறக்குறைய பாதியாகக்கூடக் குறையும். நைலான் நன்றாக நீளும், அதனால் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், இழுப்பவர் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. கையில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், பளு சரிந்தால் விரல் கப்பிவரை போய்விடும்.

புதுக்கை:
அப்போ கையால் சங்கிலியை இழுத்துப் பளு தூக்கும் செயின் பிளாக் வாங்கிவிடவா?

கொக்கி:
இதுக்கு அதுதான் சரி. கையை எடுத்தாலும் பளு அப்படியே நிற்கும், கயிற்றில் அந்த வசதி கிடையாது. ஆனால் 160-உடன் பிளாக்கின் எடையும் நீங்கள் சங்கிலியை இழுக்கும் விசையும் சேரும், 200-ஐ ஒட்டி வந்துவிடும். அந்த 200-ஐ யார், எப்படிக் கணக்குப் போட்டார்கள்? தெரியாவிட்டால் உத்திரத்தை மறந்துவிட்டு, தாங்கும் பளு எழுதியிருக்கும் இரும்பு முக்காலி (டிரைபாட்) ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மோட்டார் சுழலாமல் இருக்க அதில் தனியாக ஒரு கயிறு கட்டி, ஒருவர் தள்ளி நின்று பிடித்துக்கொள்ளட்டும். கீழே யாரும் போக வேண்டாம்.

பழைய வடம்:
செயின் பிளாக்கின் கொக்கி வாயில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சாண் தூக்கி நிறுத்தி, எல்லாம் அசையாமல் நிற்கிறதா பார்த்துவிட்டு மேலே போங்கள்.