சங்கு குளி பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரைகள்: காசு கட்டாமல் படிக்க வழி உண்டா?

நெய்தல்வாசி கேட்டது:

எனக்கு ஊர் கீழக்கரை. வாப்பாவின் வாப்பா சங்கு குளிக்கப் போனவர். நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் கிடையாது. ஊர்ச் சங்கு குளியைப் பற்றி எண்பது தொண்ணூறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. பெரியவர்கள் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் எந்தக் காலத்தில் எவ்வளவு சங்கு எடுத்தார்கள், எந்தப் பாரில் (கடலடித் திட்டில்) எடுத்தார்கள் என்பதற்கு அச்சில் ஆதாரம் வேண்டும்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் தேடுகிறேன். நல்ல தலைப்பாக ஒன்று கண்ணில் படும், தொட்டால் முப்பது டாலர், நாற்பது டாலர் என்று கேட்கும். எழுதியவர் யார் என்று பார்த்தால் இங்கே அரசுச் சம்பளத்தில் இருந்தவர். அளந்தது நம் ஆட்கள் முங்கி எடுத்த சங்கு. அதைப் படிக்க நான் டாலர் கட்ட வேண்டுமாம்!

கேள்வி இரண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒரு திட்டம் வந்ததே, அதில் என்னைப் போன்றவனுக்கு இடம் உண்டா? அடுத்தது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் கட்டுரைகளை எல்லாம் இலவசமாக ஒரு தளத்தில் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். சங்குக்கு ஆங்கிலத்தில் 'சாங்க்' என்று போட்டு, கூடவே கீழக்கரை என்றும் போட்டால் ஏழெட்டுதான் வருகிறது. இருப்பதே அவ்வளவுதானா, எனக்குத் தேடத் தெரியவில்லையா?

மீன்குஞ்சு பதில்:

அண்ணே, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நான் மீன்வளம் படிக்கும் மாணவி, அந்தத் திட்டத்தில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, மத்திய அரசின் ஆய்வு நிறுவனம், இப்படி ஒன்றில் நீங்கள் ஆளாக இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர், வீட்டிலிருந்து எழுதுபவர் தனியாக உள்ளே நுழைய முடியாது. தனியார் கல்லூரியில் படிக்கும் என் தோழிக்கே கிடையாது. பக்கத்து அரசுக் கல்லூரி நூலகத்தில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஓய்வுநூலகர் சார் வருவார். இந்த மாதிரி விஷயம் என்றால் அவர் சும்மா இருக்க மாட்டார்.

ஓய்வுநூலகர் பதில்:

வந்துவிட்டேன். மத்திய அரசின் கீழ் உள்ள ஓர் ஆய்வு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) இருபத்தெட்டு வருடம் நூலகத்தில் இருந்தேன். அதில் பாதிக் காலம் நீங்கள் சொல்லும் இந்தத் திறந்த களஞ்சிய வேலைதான், அதாவது நிறுவனத்து ஆட்கள் எழுதிய கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றி வைப்பது.

தம்பி, நீங்கள் தேடியதில் ஒரு சின்னச் சிக்கல். சங்கின் அறிவியல் பெயர் இன்று டர்பினெல்லா பைரம். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்பு எழுதியவர்கள் அதே சங்கை சாங்கஸ் பைரம் என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும். அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் தேடும் காலத்துக் கட்டுரைகள் பலவும் அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கும். ஊர்ப் பெயரும் அப்படியே. கீழக்கரையின் முதல் எழுத்துக்கு ஐ ஒன்றும் போடுவார்கள், ஈ இரண்டும் போடுவார்கள். ழ-வுக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட்-எச் போடுவார், க்க-வுக்கு ஒற்றைக் கே போதும் என்று ஒருவர் விட்டிருப்பார். ராமநாதபுரம் 'ராம்நாட்' ஆகியிருக்கும், தூத்துக்குடி கட்டாயம் 'டூட்டிகோரின்' ஆகியிருக்கும். இன்னொன்று, பழைய தாள்களை ஸ்கேன் செய்து எழுத்தைக் கணினியே படித்துக்கொண்டதுதான் உள்ளே கிடக்கிறது. மங்கிய அச்சில் அது ஆர்-எம் இரண்டையும் வேறெதோ எழுத்தாகப் படித்திருக்கும். ஆகவே சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தளத்தில் ஆண்டு வாரியாகவும் ஆசிரியர் வாரியாகவும் பட்டியல் உண்டு. ஒருநாள் உட்கார்ந்து 1950 முதல் வருடம் வருடமாக உருட்டிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குப் படுவது தேடுபெட்டிக்குப் படாது.

எதை உருட்டுவது? கே. நாகப்பன் நாயர், எஸ். மகாதேவன் என்று இரண்டு பேர். தூத்துக்குடிப் பார்களில் தாங்களே முங்கிப் பார்த்து எழுதியவர்கள். இந்தியாவின் வணிகச் சிப்பி, சங்கு வகைகள் பற்றி அந்த நிறுவனம் 1974-இல் 25-ஆம் புல்லட்டின் போட்டது. அதில் சங்கு குளி பற்றிய பகுதி இவர்களுடையது. அங்கிருந்து தொடங்குங்கள், அதன் கடைசியில் இருக்கும் பட்டியல் உங்களை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் 1978-இல் தொடங்கிய கடல் மீன்வளத் தகவல் சேவை என்ற சிறு வெளியீடு. அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று குறிப்புகள் வரும். பெரிய ஆய்விதழ் ஒன்றும் ஏற்காத அளவுக்குச் சின்ன விஷயங்கள். ஊர்ப் பெயரும் இறங்குதுறைப் பெயரும் அதில்தான் அகப்படும். கடல் உயிரியல் சங்கத்தின் இதழ் 1959-இலிருந்து வருகிறது. அந்தச் சங்கம் பிறந்ததே உங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில்தான். இந்த நிறுவனமும் 1947-இல் தொடங்கி 1949 முதல் மண்டபம் முகாமில் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போனது 1971-இல். ஆகவே உங்கள் ஊர்க் கடல் அவர்களுக்கு வாசலில் கிடந்த கடல். இல்லாமல் இருக்காது.

ஹார்னெல் எழுதியதைப் பார்த்துவிட்டீர்களா? சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்தவர், சங்கைப் பற்றி 1914-இல் தனிப் புத்தகமே போட்டார். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத் தளத்தில் முழுசாகக் கிடைக்கிறது. அவர் காலமானது 1949. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது நம் சட்டம், ஆகவே அதில் காப்புரிமைத் தொல்லை இல்லை. படத்தைக்கூட உங்கள் புத்தகத்தில் போடலாம்.

இனி நீங்கள் கோபப்பட்ட விஷயம். அரசுச் சம்பளத்தில் எழுதியது ஏன் டாலருக்கு விற்கிறது என்று. எழுதியவர் வெளிநாட்டு இதழுக்கு அனுப்பும்போது உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் பல பதிப்பகங்கள் ஒரு சந்து விட்டுவைத்திருக்கின்றன. திருத்தமெல்லாம் முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு, அச்சுக்கோப்பு செய்வதற்கு முன் ஆசிரியர் கையில் ஒரு கடைசிப் பிரதி இருக்கும் அல்லவா? அதை அவர் தன் நிறுவனத்தின் களஞ்சியத்தில் போடலாம். சில மாதம், சிலசமயம் ஒரு வருடம் பொறுத்துத் திறந்துவிடலாம். இந்த மீன்வள நிறுவனத்துக்கு மேலே இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு 2013-இல் கொள்கை வகுத்தது. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில். இப்படி ஒரு களஞ்சியத்தை இந்தியாவில் முதலில் தொடங்கியது பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், 2002-இல். அதற்கான மென்பொருள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் எழுதியது, இலவசம். 2004 மே மாதம் தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதை நிறுவக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் பயிலரங்கு. நானும் போயிருந்தேன். திரும்பி வரும் ரயிலில், ஒரு வருடத்தில் எங்கள் நிலையத்தின் எல்லாக் கட்டுரையும் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஏறவில்லை. மென்பொருள் இலவசம், அந்தக் கடைசிப் பிரதிதான் கிடைக்காது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். "சார், அக்செப்ட் ஆன அந்தக் கடைசி வேர்ட் ஃபைல் வேண்டும்." "பிடிஎஃப் அனுப்பினேனே, பார்க்கலையா?" அது பதிப்பகத்தின் பிடிஎஃப், அதைப் போட்டால் நோட்டீஸ் வரும். "அப்படியா, அது பழைய லேப்டாப்பில் இருந்தது." இல்லையென்றால், தன்னோடு சேர்ந்து எழுதியவர் கொரியா போய்விட்டார், அவரிடம் இருக்கும் என்பார்கள். ஓய்வுபெறும் நாளில் ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஃப்ளாப்பிகள். அதைப் படிக்கும் டிரைவ் அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது, அங்கே போய் ஒவ்வொன்றாக ஏற்றினேன். பாதி திறக்கவில்லை. திறந்ததில் ஒன்றை இன்றைக்கும் யாரோ படிக்கிறார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஆகவே களஞ்சியத்தில் இல்லை என்றால் எழுதவே இல்லை என்று அர்த்தம் இல்லை, யாரும் கொண்டுவந்து போடவில்லை என்றுதான் அர்த்தம். தலைப்பு இருந்து பக்கத்தில் பூட்டு இருந்தால், பிரதி கேட்கும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அழுத்தினால் கோரிக்கை மின்னஞ்சலாகப் போகும். இல்லையென்றால் ஆசிரியருக்கே நேராக இரண்டு வரி எழுதுங்கள். கீழக்கரையில் கடை, தாத்தா சங்கு குளித்தவர், புத்தகம் எழுதுகிறேன், இந்தக் கட்டுரை வேண்டும். போதும். எல்லாரும் அனுப்புவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டால் நெகிழாத விஞ்ஞானியை நான் பார்த்ததில்லை.

சுட்டி செத்துப்போயிருந்தால் மனம் தளர வேண்டாம். நான் ஓய்வு பெற்ற மறுவருடமே எங்கள் தளத்தின் முகவரியை மாற்றினார்கள். நான் ஏற்றிய அத்தனை சுட்டியும் ஒரே இரவில் போனது. இன்றுவரை வருத்தம். அந்தத் தலைப்பை அப்படியே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் போடுங்கள், இல்லை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்து உதவுகிறார் என்றால் இன்னொன்று: சில அரசுத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து திறப்பதில்லை. தளம் படுத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், இங்கிருந்து ஒருமுறை பாருங்கள்.

நெய்தல்வாசி:

ஐயா, எக்ஸ் போட்டுத் தேடினேன். கடையை மூடிவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திட்டு. 25-ஆம் புல்லட்டினை இறக்கிவிட்டேன். ஜாதிச் சங்கு, பட்டிச் சங்கு என்று வீட்டில் சங்கை வகை பிரித்துச் சொல்வது ஏதோ எங்கள் ஊர்ப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அறிவியல் கட்டுரையில் அதே சொல்லைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது.

ஒரு சந்தேகம். இதில் இருக்கும் வரைபடத்தை என் புத்தகத்தில் போடலாமா? இலவசம்தானே?

ஓய்வுநூலகர்:

படிக்கத்தான் இலவசம். அரசு வெளியீடு என்றால் வெளிவந்த ஆண்டு முடிந்து 60 வருடம் உரிமை அவர்களுடையது. 1974 என்றால் 2034 முடியும் வரை. அதில் சொன்ன செய்தியை, எண்ணிக்கையை உங்கள் நடையில், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லி எழுதலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வரைபடத்தை அப்படியே போட வேண்டும் என்றால் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் இன்னொரு கடிதம். அரசு அலுவலகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கியதை எல்லாம் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கட்டுரை எண், ஆண்டு, பக்கம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஏற்கப்பட்ட கடைசிப் பிரதி என்றால் அதன் பக்க எண் அச்சு இதழோடு ஒத்துப்போகாது. மேற்கோள் காட்டும்போது அச்சு இதழின் பக்கத்தைக் கொடுங்கள்.

நெய்தல்வாசி:

கடைசியாக ஒன்று ஐயா. வாப்பாவின் வாப்பா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். எத்தனை நாள் கடலுக்குப் போனார், எத்தனை சங்கு, எவ்வளவு முன்பணம் என்று. பாதி அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்), பாதி தமிழில். அலமாரியில் இருக்கிறது, ஓரமெல்லாம் அரித்திருக்கிறது. இதை அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

ஓய்வுநூலகர்:

தங்கள் ஆட்கள் எழுதியதை வைக்கத்தான் அந்தக் களஞ்சியம். வெளியிலிருந்து வருவதைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அச்சு நூல்தான் அவர்களிடம் அதிகம், ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும். ஆர்க்கைவ் தளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி ஏற்றலாம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஊரில் இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதெல்லாம் பிறகு. முதலில் நாளைக் காலையில் நோட்டை ஜன்னல் பக்கம் வைத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது, ப்ளாஷ் கூடாது. பென்சில் எழுத்தாக இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்து முடித்ததும் எத்தனை பக்கம் என்று இங்கே சொல்லுங்கள்.

மீன்குஞ்சு:

அண்ணே, அரபுத் தமிழ் எங்கள் பெரியம்மாவுக்குப் படிக்க வரும். காயல்பட்டினத்தில் இருக்கிறார். போட்டோ எடுத்ததும் தனிச்செய்தி அனுப்புங்கள்.

நெய்தல்வாசி:

எடுத்துவிட்டேன். 62 பக்கம். நான்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொடவில்லை.