புள்ளியியல் வகுப்பை எல்லா மாணவர்களுக்கும் எட்டும்படி அமைப்பது எப்படி?

கேள்வி (புள்ளியியல் ஆசிரியர்)

அடுத்த பருவத்தில் இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அறிமுகப் பாடம் எடுக்க இருக்கிறேன். முற்றிலும் பார்வையற்ற ஒருவரும், செவித்திறன் குறைந்து உதட்டசைவைக் கவனித்தே பாடம் கேட்கும் ஒருவரும் வகுப்பில் இருப்பார்கள் என்று துறையிலிருந்து தகவல் வந்துள்ளது. என் பாடக்குறிப்புகளில் பாதி, பழைய நூல்களிலிருந்து ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கங்கள். மீதி, வரைபடங்களும் சூத்திரங்களும் நிறைந்த ஸ்லைடுகள். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். தேர்வு நாளுக்கு அது உதவும். அதற்கு முந்தைய வாரங்களில் அவர்கள் எதைக் கொண்டு படிப்பார்கள் என்பதே என் கவலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாத நிலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1 (திரைவாசிப்பான் கொண்டு படித்தவர்)

ஸ்கேன் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள் ஐயா. கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வெறும் படம்தான். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்களுக்கு அதில் வாசிக்க எதுவும் இருக்காது. ஐயம் இருந்தால் ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்துகள் தேர்வாகாவிட்டால் எங்களுக்கும் அவை கிடைக்கவில்லை என்று பொருள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் சாதாரணப் பத்திகளை ஓரளவு மீட்டுத் தரும். சூத்திரங்களில்தான் காலை வாரிவிடும். ‘எக்ஸ் வர்க்கம்’ என்பது ‘எக்ஸ் இரண்டு’ ஆகிவிடும், சராசரியைக் குறிக்க எக்ஸின் தலைமேல் இடும் கோடு காணாமலே போகும். ஆகவே சூத்திரங்களை வேர்டின் சமன்பாட்டுக் கருவியிலோ, மேத்எம்எல் (வலையில் சூத்திரங்களை எழுதுவதற்கான குறிமொழி) கொண்ட வலைப்பக்கமாகவோ தட்டச்சு செய்து, வகுப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்துக்கு ‘படம் 3’ என்று பெயரிட்டு விட்டுவிடுவது விளக்கம் ஆகாது. ‘படிப்பு நேரம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறது, வலக்கோடியில் ஒரு புள்ளி மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது’ என்று எழுதி, தரவு அட்டவணையையும் உடன் வைத்தால் நாங்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வோம். ஒரே ஓர் எச்சரிக்கை: வரைபடத்திலிருந்து எதைக் கண்டறிய வேண்டும் என்பதே தேர்வின் கேள்வியாக இருந்தால், விளக்கமே விடையைச் சொல்லிவிடும். அங்கே விரலால் தடவி உணரும் புடைப்பு வரைபடம் வேண்டும். அதை அச்சிட்டு வாங்க நாளாகும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மறுமொழி 2 (செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குக் கற்பிப்பவர்)

கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதை நிறுத்துவதற்குச் செலவே இல்லை. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். உதட்டசைவை வாசிப்பது பலர் நினைப்பதைப் போல முழுமையான வழி அன்று. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். நீங்கள் ‘மாதிரி’ என்று சொல்வது அவருக்குப் ‘பாதிரி’யாகவும் தெரியலாம் (புள்ளியியல் வகுப்பில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று அவர் குழம்புவதற்குள் நீங்கள் அடுத்த தேற்றத்துக்குப் போயிருப்பீர்கள்). எனவே புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பின்வரிசையிலிருந்து எழும் கேள்வியை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள். காணொளிகளில் தானியங்கி வசனவரிகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை தடுமாறுவது பெரும்பாலும் கலைச்சொற்களிலும் எண்களிலும்தான்.

மறுமொழி 3

ஸ்லைடுகளில் நிறத்தை மட்டும் கொண்டு வேறுபாடு காட்டாதீர்கள். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்பதற்குப் பதில் ஒன்றைப் புள்ளிக்கோடாக்கலாம். வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறமாறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்துகள் அழகாக இருக்கும், ஆனால் அந்த அளவை எட்டா.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பாடத்தை எல்லோருக்கும் பொதுவாக இப்படி அமைத்துவிட்டால், தேர்வில் தனிச்சலுகை தேவையில்லை என்று துறையில் சொல்வார்களோ என்று ஒரு தயக்கம்.

மறுமொழி 4 (மதிப்பீட்டுத் துறையில் பணிபுரிபவர்)

அப்படிச் சொன்னால் ஏற்க வேண்டாம். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் தனிநபருக்குத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. எல்லோருக்குமான வடிவமைப்பு என்பது, தேவைப்படுவோருக்கான உதவிக் கருவிகளை விலக்கிவிடக் கூடாது என்று அதன் 2ஆம் பிரிவே சொல்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

தேர்வைப் பொறுத்தவரை, நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். கருதுகோள் சோதனையைப் புரிந்துகொண்டார்களா என்பதே நோக்கமானால், வேகத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. வினாக்களைக் குறைத்து எல்லோருக்கும் தாராளமாக நேரம் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் கூடுதல் நேரம் தேவைப்படுபவருக்கு அதை மறுக்காதீர்கள். செய்முறைக்கு எந்த மென்பொருள் என்பதையும் இப்போதே முடிவுசெய்வது நல்லது. புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) என்னும் நிரல்மொழியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம் என்பதால் சுட்டியை நம்பியிருக்க வேண்டியதில்லை. பார்வையற்ற புள்ளியியலாளர் ஜோனதன் காட்ஃப்ரே ஆர் மொழிக்காக உருவாக்கிய ‘பிரெய்ல்ஆர்’ என்னும் கூடுதல் நிரல் தொகுப்பு, பட்டை வரைபடம் போன்றவற்றை எழுத்தில் விவரித்துத் தரும். அதை முதல் வாரத்திலேயே வகுப்பு முழுவதற்கும் அறிமுகப்படுத்துங்கள். வரைபடத்தைச் சொற்களில் விவரிக்கும் பழக்கம் பார்வையுள்ள மாணவர்களிடமும் குறைவாகவே இருக்கிறது.