ஹாக்கி கியருக்கு உள்ளே என்ன போடுவது? வேலூர்ப் பக்கத்திலிருந்து கனடா வந்தவர்களுக்கு

காட்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: பையனை ஐஸ் ஹாக்கியில் சேர்த்திருக்கிறேன், அம்மா அடுத்த மாதம் வருகிறார், லாங் பஜாரில் நாலு செட் தெர்மல் உள்ளுடுப்பு எடுத்து வரச் சொல்லட்டுமா?

வேண்டாம் தம்பி. பெட்டியில் அந்த இடத்துக்கு மிளகாய்த்தூள் வரட்டும்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் பருத்தி. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம், வேலூர் வெயிலுக்கு அது சரியும்கூட. சித்திரையில் வியர்வையில் நனைந்த பனியன்மேல் ஃபேன் காற்று பட்டால் ஜில்லென்று இருக்குமே, இங்கே ஐஸ் ரிங்கிலும் (விளையாடும் பனித்தளம்) பருத்தி அதே வேலையைத்தான் செய்யும். அத்தனை பேடுக்குள்ளும் ஓடுகிற பிள்ளைக்கு நன்றாகவே வியர்க்கும். துணி அதைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். அடுத்த ஷிஃப்டுக்காக, அதாவது மறுபடி களமிறங்கும் முறைக்காக, பெஞ்சில் உட்கார்ந்ததும் உடம்பு வெடவெடக்கும்.

பாலியஸ்டரில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்த, மெல்லிய முழுக்கைச் சட்டையும் முழுநீளப் பேன்ட்டும் போதும். மெரினோ கம்பளி ஈரமானாலும் கதகதப்பாக இருக்கும், நாற்றமும் குறைவு. ஆனால் விலை அதிகம், வளரும் பிள்ளைக்கு நான் வாங்க மாட்டேன். ஹாக்கிக் கடைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. சாதாரண ஸ்போர்ட்ஸ் கடையில் ஓட்டத்துக்கு விற்கும் மெல்லிய உடுப்பே சரியாக வரும். உள்ளே ஃப்ளீஸ் வைத்த தடிமனானதைத் தொடவே வேண்டாம்.

அளவு விஷயத்தில்தான் நம் ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தீபாவளிச் சட்டை மாதிரி, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று பெரிதாக எடுக்காதீர்கள். தொளதொள துணி, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடுக்கு அடியில் மடிந்து, அந்த மடிப்பு காலில் சிவப்புக் கோடாகப் பதியும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. வாங்குமுன் உள்பக்கம் திருப்பி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் தையல்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுகிற தையல் தோலையும் உராயும்.

சாக்ஸும் மெல்லியதாக ஒன்றே ஒன்று. குளிருமே என்று இரண்டு மாட்டினால் ஸ்கேட் இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும்.

இங்கே மைனர் ஹாக்கியில் (பிள்ளைகள் ஆடும் ஹாக்கி) பி.என்.க்யூ. என்ற கியூபெக் தர அமைப்பின் முத்திரை உள்ள நெக் கார்டு, அதாவது கழுத்துக் காப்பு, கட்டாயம். அதைச் சட்டையோடு சேர்த்தே தைத்தும் விற்கிறார்கள். எனக்குத் தனியாக இருப்பதே பிடிக்கும், சட்டை துவைக்கப் போயிருந்தாலும் கழுத்துக் காப்பு பையில் இருக்கும். அப்புறம், இந்த நாட்டு ஹாக்கியை நடத்தும் ஹாக்கி கனடா அமைப்பு 2023-இல் கொண்டுவந்த விதிப்படி டிரெஸ்ஸிங் ரூமில் பிள்ளைகள் குறைந்தபட்ச உடையாவது அணிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே இந்த உள்ளுடுப்பை (பேஸ் லேயர் என்பார்கள்) போட்டு அனுப்பிவிட்டால் முடிந்தது. கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி.

துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்டனர் ஊற்றாதீர்கள், வியர்வையை வெளியே கடத்தும் தன்மை கெட்டுவிடும். டிரையரில் போடாமல் கொடியில் உலர்த்துங்கள். மாற்றி மாற்றிப் போட இரண்டு செட் இருக்கட்டும். நாலு வேண்டாம், அடுத்த சீசனுக்குள் பையன் வளர்ந்துவிடுவான்.