சின்ன ஸ்பாட்டிங் ஸ்கோப் எது வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்

உம்கேனிக்கரை:
வணக்கம். பறவை பார்க்க ஒரு சின்ன ஸ்கோப் (ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) வேண்டும். விலை ரொம்பப் போகக் கூடாது. ஆன்லைனில் 25-75 மடங்கு என்று போட்டு ஒன்று நல்ல தள்ளுபடியில் கிடக்கிறது, ஞாயிறு இரவோடு சலுகை முடிகிறது. 12-36 என்று இன்னொன்றும் கிட்டத்தட்ட அதே விலைதான். ஜூம் அதிகம் இருப்பதுதானே நல்லது? 25-75ஐ வாங்கிவிடவா?

மரீவேல் ஞாயிறு:
முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? 25-75 என்பது பாதிக் கணக்குதான், அதற்குப் பக்கத்தில் 60, 70 என்று ஒரு எண் இருக்கும். அப்புறம், எங்கே நின்று என்ன பார்க்கப் போகிறீர்கள்? காட்டுக்குள் பார்ப்பதென்றால் ஸ்கோப்பே வேண்டாம், 8x42 பைனாகுலர் போதும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, பட்ஜெட் எவ்வளவு? டிரைபாட் இருக்கிறதா? மூக்குக்கண்ணாடி போடுவீர்களா? இந்த மூன்றையும் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வல்லூறு:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், அது குறையக் குறையப் படம் இருட்டும். 60 மி.மீ. ஸ்கோப்பை 75 மடங்குக்குத் திருப்பினால் 0.8 மி.மீ. அதையே 20 மடங்கில் வைத்தால் 3 மி.மீ. அந்த 0.8இல் பறவையும் தெரியாது, ஆகாயமும் தெரியாது, உங்கள் இமை முடிதான் தெரியும். 12-36x50 என்றால் கடைசி மடங்கில்கூட 1.4 மி.மீ. வருகிறது. இதெல்லாம் பள்ளிக்கூட வகுத்தல்தான்.

லென்ஸ் பித்தன்:
ஸ்கோப் எல்லாம் பழைய கதை. நிகான் பி950 கேமரா வாங்குங்கள், 83 மடங்கு ஜூம். பார்த்ததைப் படமாக வீட்டுக்கே கொண்டுவரலாம். ஸ்கோப்பில் பார்த்ததற்கு என்ன அத்தாட்சி?

உம்கேனிக்கரை:
டர்பனில் ப்ளூ லகூன் பக்கம்தான். ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் வெள்ளையாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, பைனாகுலரில் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. பட்ஜெட் 6000 ராண்ட். டிரைபாட் இருக்கிறது. பிள்ளைகளும் பார்ப்பார்கள். அக்கா, தம்பி இல்லை, தங்கச்சி.

சாட்ஸ்வொர்த் அக்கா:
மன்னித்துக்கொள் தங்கச்சி. ஆனால் கண்ணாடி கேட்டேனே?

மரீவேல் ஞாயிறு:
அந்த வெள்ளைக் கூட்டம் ஆலாக்கள்தான் (டெர்ன் என்கிற கடற்பறவை). கோடையில் வந்து குவியும். அலகின் நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டிய பறவைகள், அதனால் உங்களுக்கு ஸ்கோப் தேவைதான். கேஸ்பியன் ஆலாவுக்குத் தடித்த சிவப்பு அலகு, அது பைனாகுலரிலேயே பிடிபடும். ஸ்விஃப்ட் ஆலாவுக்கு மஞ்சள். சாண்ட்விச் ஆலாவுக்குக் கறுப்பு அலகு, நுனியில் மட்டும் மஞ்சள். லெஸ்ஸர் கிரெஸ்டட் ஆரஞ்சு. இவ்வளவு பார்க்க 25, 30 மடங்கு தாராளம். அதற்கு மேல் போனால் டர்பன் வெயிலில் மணல் மேல் கானல் ஓடும். அப்போது எவ்வளவு விலைக் கண்ணாடி வைத்தாலும் பறவை நெளிந்துகொண்டுதான் தெரியும்.

பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றால் கண்வைக்கும் பக்கம் மேல்நோக்கி வளைந்த மாடல் எடுங்கள். டிரைபாடைத் தாழ்வாக வைத்துவிட்டால் பெரியவர் குனிந்து பார்க்கலாம், சின்னவர் நிமிராமல் பார்க்கலாம். தாழ்வாக இருந்தால் காற்றிலும் ஆட்டம் குறைவு. நான் நைஜல் ஊர்ப் பக்கம் மரீவேல் சதுப்புநிலத்தில் காருக்குள் இருந்தே பார்ப்பவன், எனக்கு நேர்க்குழாய்தான் வசதி. ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் அரிசி நிரப்பிய துணிப்பையைப் போட்டு ஸ்கோப்பை வைத்துவிடுவேன். உங்கள் இடத்துக்கு வளைந்ததுதான் சரி.

வல்லூறு:
அந்த 83 மடங்கு பற்றி ஒரு வார்த்தை. கேமராவில் அந்த எண் 24 மி.மீ.யிலிருந்து 2000 மி.மீ. வரை போகும் விகிதம். 50 மி.மீ. லென்ஸைச் சாதாரணப் பார்வையாக எடுத்தால் 2000 மி.மீ. என்பது ஸ்கோப் கணக்கில் 40 மடங்குதான். பெட்டியில் போட்டதை அப்படியே படிப்பவர்கள் ஆலோசனை சொல்ல வருவது இந்த நாட்களின் தனிச் சிறப்பு.

லென்ஸ் பித்தன்:
40 மடங்கு போதாதா சார்? போன வாரம் அதே மணல்திட்டில் எடுத்த படம் போட்டிருக்கிறேன். லெஸ்ஸர் கிரெஸ்டட், ஆரஞ்சு அலகு பளிச்சென்று இருக்கிறது. ஸ்கோப்காரர்கள் பக்கத்திலேயே நின்று "ஏதோ ஆலா" என்றார்கள்.

வல்லூறு:
அது ஸ்விஃப்ட்.

லென்ஸ் பித்தன்:
அலகு ஆரஞ்சு, படத்திலேயே இருக்கிறது.

வல்லூறு:
படத்தில் மணலும்கூட ஆரஞ்சாகத்தான் இருக்கிறது. மாலை வெயிலில் எடுத்திருக்கிறீர்கள், கேமரா நிறத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் எந்த மஞ்சள் அலகும் ஆரஞ்சாகும். நிறத்தை விடுங்கள், உருவத்தைப் பாருங்கள். இடப்பக்கம் மூன்றாவதாக நிற்பது சாண்ட்விச். லெஸ்ஸர் கிரெஸ்டட் ஏறக்குறைய அதே உயரம்தான் இருக்கும். உங்கள் பறவை அதைவிடத் தலை உயரம் கூடுதல். அலகும் கனம்.

லென்ஸ் பித்தன்:
முன்னால் நிற்கும் பறவை பெரிதாகத் தெரியும், அதுவும் பள்ளிக்கூடப் பாடம்தான். அந்தப் படம் இருப்பதால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்து வாதாடவே முடிகிறது. ஸ்கோப்பில் பார்த்திருந்தால் இந்த வாதத்துக்கே வழியில்லை.

மரீவேல் ஞாயிறு:
இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். (படத்தைப் பொறுத்தவரை நானும் ஸ்விஃப்ட் என்றுதான் நினைக்கிறேன்.)

உம்கேனிக்கரை:
கண்ணாடி போடுவேன் அக்கா. டிரைபாட், மொபைலுக்கு வாங்கியது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
அப்படியென்றால் அந்தச் சலுகையை மறந்துவிடு தங்கச்சி. முதல் செலவு டிரைபாட்தான். மொபைல் டிரைபாடில் ஸ்கோப்பை ஏற்றினால், பகலில் அடிக்கும் வடகிழக்குக் காற்றில் பறவை ஓரிடத்தில் நிற்காது. 6000இல் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கு. புதியதே வேண்டுமென்றில்லை. பழைய வீடியோ டிரைபாட், தலைப்பகுதி மெதுவாகத் திரும்புவதாக இருந்தால் போதும். நடுத்தண்டை மேலே இழுக்காதே, அடியில் பையைத் தொங்கவிடு.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஸ்கோப்பின் கண்பக்க இடைவெளி, அதாவது கண்வைக்கும் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் விடக்கூடிய தூரம், முக்கியம். 15 மி.மீ.க்குக் குறைந்தால் நடுவில் ஒரு வட்டம்தான் தெரியும், சுற்றிலும் இருட்டு. ஜூமைக் கூட்டும்போது சிலதில் அந்த இடைவெளியும் மாறும். அதனால் கடைக்கு நேரில் போய், உன் மூக்குக்கண்ணாடியோடு, கடைசி மடங்கு வரை திருப்பிப் பார். வாசலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படி. வெளுத்த வானத்துக்கு எதிரே ஒரு கம்பியைப் பார்த்து, ஓரத்தில் ஊதாக் கோடு எவ்வளவு வருகிறது என்று கவனி. ஈடி கண்ணாடி (நிறம் பிரிவதைக் குறைக்கும் தனி வகை லென்ஸ்) போட்டதில் அது குறையும். மணல்திட்டில் வெள்ளைப் பறவை பார்க்க இதுதான் நேராக உதவும்.

என்னைக் கேட்டால் செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27x56 ஈடியைத் தேடிப் பார்ப்பேன். சின்னது, வளைந்தது, 27 மடங்கிலும் 2 மி.மீ. ஒளிக்கற்றை தரும். புதியது பட்ஜெட்டைத் தாண்டினால் பழையது தேடு. ஆனால் டர்பன் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்காதே. என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கினார். உள்ளே சிலந்தி வலை மாதிரி கிடந்தது, விற்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

வல்லூறு:
அக்கா சொல்வது சரி. ஒன்று மட்டும் விட்டுவிட்டார்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்து, தண்ணீர் புகாதபடி மூடியதாக இருக்க வேண்டும். அந்தக் கரையில் உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். லென்ஸில் உப்பு இருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

கடலோரக் கணேஷ்:
வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவாக வருமே? நான் அப்படித்தான் வாங்கினேன்.

மரீவேல் ஞாயிறு:
15 சதவீத வாட் வரியையும் கூரியர் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பழுது வந்தால் திருப்பி அனுப்பும் செலவு தனி.

அப்புறம், ப்ளூ லகூனுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நாலு பேராகப் போங்கள், ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் சுற்றிக் கவனிக்கட்டும். கடல் கிழக்கே இருப்பதால் காலையில் அந்தப் பக்கம் திரும்பினால் வெயில் நேராக லென்ஸுக்குள் அடிக்கும். சூரியன் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நின்று, தண்ணீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

லென்ஸ் பித்தன்:
இப்படி நேரம், இடம், கோணம் எல்லாம் பார்த்தால் என் கேமராவும் நன்றாகத்தான் காட்டும்.

உம்கேனிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. 9-27 பழையது ஒன்று கிடைத்தது, டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். டிரைபாட் சித்தப்பாவிடம் வாங்கியிருக்கிறேன். கண்ணாடியோடு நன்றாகத் தெரிகிறது. நேற்று லெஸ்ஸர் கிரெஸ்டட் இரண்டு பார்த்தோம்.

வல்லூறு:
பக்கத்தில் சாண்ட்விச் இருந்ததா? உயரம் ஒப்பிட்டீர்களா? என்ன நேரம்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
விடுங்கள் சார், அவள் பார்த்துக்கொள்வாள்.