மறு: ரப்பரை இழுக்கும்போது உண்டாகும் படிகத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரப்பரை இழுக்கும்போது அதில் படிகம் உண்டாவதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின் இண்ட்யூஸ்ட் கிரிஸ்டலைசேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'திரிபு தூண்டிய படிகமாக்கல்' எனக்கு நிறைவாக இல்லை. இங்கே 'திரிபு' என்பது விசையால் பொருளின் வடிவம் மாறுவது. சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் நிகழ்வு அதில் தெரியவில்லை.

முதலில் 'ஆக்கல்'. உப்புக் கரைசலைக் காய்ச்சி ஒருவர் படிகம் எடுத்தால் அது படிகமாக்கல். ரப்பரில் மூலக்கூறு இழைகள் தாமே அடுக்கிக்கொள்கின்றன. அதனால் 'படிகமாதல்' போதும். 'தூண்டல்' என்றாலோ மாணவர்களுக்கு மின்தூண்டல்தான் நினைவுக்கு வரும்.

இயற்கை ரப்பர் இரண்டு வழிகளில் படிகமாகிறது. இழுக்காமல் குளிரில் வைத்தால் மெல்ல மெல்ல இறுகும். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் அருகில்தான் வேகம் அதிகம். அதற்கும் கீழே போனால் இழைகள் நகரத் திணறுவதால் வேகம் குறையும். கந்தகம் சேர்த்து, இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினாலும் தாமதமாகும். இதற்குக் 'குளிர்படிகமாதல்' என்ற பெயர் பொருந்துகிறது.

மற்றது வேறு கதை. கந்தகம் சேர்த்த ரப்பரை அறை வெப்பநிலையில் நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் படிகம் தோன்றிவிடும். விட்டால் உருகிவிடும்! 1925இல் காட்ஸ் என்ற ஆய்வாளர் இதை எக்ஸ் கதிர்ப் படத்தில் கண்டார். ஒரு ரப்பர் பட்டையை வெடுக்கென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். படிகமாகும்போது வெளிவரும் வெப்பமும் அதில் சேர்ந்திருக்கிறது. கீறல் விழுந்தால் அதன் நுனியில்தான் இழைகள் மிக அதிகமாக இழுபடும். அங்கேயே படிகம் திரண்டு கீறல் பரவுவதைத் தடுக்கும். இயற்கை ரப்பரின் உறுதிக்கு இது பெரிய காரணம்.

ஆக, இழுப்புதான் இங்கே உயிர். என் முன்மொழிவு: விளைவுக்கு 'இழுபடிகம்', நிகழ்வுக்கு 'இழுபடிகமாதல்'. சுடுகாடு, ஊறுகாய் போல இது வினைத்தொகை, ஒற்று மிகாது. 'இழுப்படிகம்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

அழுத்தினாலும் திரிபு வருமே, அதை இந்தச் சொல் விட்டுவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ரப்பரின் கன அளவு அநேகமாக மாறாது. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் விரியும், அதாவது அங்கும் இழைகள் இழுபடத்தான் செய்கின்றன.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. உருகிய பல்படி (பாலிமர்) அச்சுக்குள் பாயும்போது, அந்த ஓட்டத்தாலேயே இழைகள் நீண்டு படிகமாவதும் உண்டு. 'பாய்படிகம்' என்றால் விரிக்கிற பாய் குறுக்கே வருகிறது. 'ஓட்டப்படிகம்' சற்று மொட்டையாக இருக்கிறது. அப்புறம், அதையும் இழுபடிகத்துக்குள்ளேயே அடக்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?