கூடைப்பந்தாட்டத்தில் பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறியும்போது மத்தியஸ்தர் எங்கே நிற்க வேண்டும்?

மட்டக்களப்பில் பாடசாலைப் போட்டிகளுக்கு இரு மத்தியஸ்தர் முறையில் கடமையாற்றுகிறேன். அமெரிக்க யேசு சபைத் துறவிகள் இந்த ஊரில் ஊன்றிய ஆட்டம் இது. இங்கே பார்வையாளருக்கே விதிகள் அத்துபடி. சனிக்கிழமை, கூடைக்குப் பின்னுள்ள கோட்டில் பந்தைக் கொடுத்துவிட்டுக் கையசைத்து, எறிவதற்குரிய 5 விநாடியை எண்ணினேன். கண் முழுவதும் எறியும் பையனின் விரல்களில். என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் மற்றவனின் ஜேர்சியைப் பிடித்து இழுத்ததை எல்லோரும் கண்டார்கள், நான் காணவில்லை. இழுபட்ட பிள்ளையின் முகம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பத்து வீரர்களும் இரு மத்தியஸ்தர்களின் பார்வைக்குள் அடைபட வேண்டும், தெரியும். ஆனால் எறிபவன் மூலைப்பக்கம் நின்றால், நான் அவனுக்கும் கூடைக்கும் நடுவே நிற்பதா, வெளிப்பக்கமா? மற்ற மத்தியஸ்தர் எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தாளில் வரைந்து படமெடுத்து அனுப்பினாலும் பேருதவி. வெள்ளிக்கிழமை அடுத்த ஆட்டம்.